பை-டூ காபியும் ஒரு கேஸும்

ஓ.டி. என்றால் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர். கம்பெனியில் ஓவர் டைம். பெங்களூரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் தன் வேலை என்ன என்று சொல்ல வாயெடுத்தால், இந்த இரண்டையும் முதலில் ஓரமாகத் தள்ளி வைத்தாக வேண்டும். தமிழில் 'தொழில்வழிச் சிகிச்சை' என்று சொல்லிப் பார்த்தாலும் தப்பிக்க முடியாது. "தையல், கூடை பின்றது எல்லாம் சொல்லித் தருவீங்களா?" என்பார்கள்.

பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணம் இங்கே கை கொடுக்கும். தொழிற்பெயர் என்று ஒன்று உண்டே: உண்ணல், உடுத்தல், குளித்தல், எழுதுதல், விளையாடுதல். அந்தத் 'தொழில்'தான் இது. பக்கவாதமோ விபத்தோ மனநோயோ பிறவியிலேயே வந்த வளர்ச்சிக் குறையோ, ஒரு மனிதரின் அன்றாடத்திலிருந்து எந்தெந்தத் தொழிற்பெயரைப் பறித்துக்கொண்டது என்று முதலில் பார்ப்போம். பிறகு அதைத் திரும்பக் கொண்டுவருவோம். முடியாவிட்டால் வேறு வழியில் செய்யப் பழக்குவோம், அல்லது கரண்டியையும் கழிவறையையும் வீட்டு வாசற்படியையும் அவருக்கேற்ப மாற்றுவோம். இதற்குத்தான் நான்காண்டுப் படிப்பு, அதற்கு மேல் இன்டர்ன்ஷிப்.

வேலூரிலோ சென்னையிலோ கோவையிலோ இந்தப் படிப்பை முடித்துவிட்டு, ஓசூர் பஸ்ஸில் பையோடு வந்து மடிவாளாவில் இறங்குகிற பிள்ளைகளை நினைத்து இதை எழுதுகிறேன். அவர்களைப் பெற்றவர்களும் படிக்கலாம். "படிப்புதான் முடிஞ்சிடுச்சே, இன்னும் என்ன கோர்ஸ், என்ன மீட்டிங்?" என்று கேட்பவர்கள் அவர்கள்தான்.

முதல் வேலை பெரும்பாலும் குழந்தைகளுக்கான தனியார் தெரபி சென்டரில் கிடைக்கும். எச்.எஸ்.ஆர். லேஅவுட், கோரமங்களா, ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் ரோடு என்று தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஊஞ்சல், பெரிய பந்து, நுரை மெத்தை, சுவரில் கார்ட்டூன். ஒரு குழந்தைக்கு முக்கால் மணி நேரம். ஒன்று வெளியே போகும்போதே அடுத்தது உள்ளே வரும். கல்லூரியில் உங்கள் முதுகுக்குப் பின்னால் யாராவது நின்றுகொண்டிருந்தார்கள். தப்பாகப் பிடித்தால் "கையை மாத்திப் பிடி" என்றார்கள். இங்கே கதவைச் சாத்தினால் உள்ளே இருப்பது நீங்களும் குழந்தையும் மட்டும். வெளியே காத்திருக்கிற தாய்க்கு நீங்கள் 'டாக்டர் மேடம்'. அந்த சென்டரில் உங்களைத் தவிர இன்னொரு ஓ.டி. இல்லாமல் போகவும் வாய்ப்பு அதிகம்.

அந்தத் தனிமை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

முதல் வருஷம். ரேடியல் நரம்பு அடிபட்டு மணிக்கட்டு தொங்கிப்போன ஓர் ஆட்டோ ஓட்டுநருக்கு, மணிக்கட்டைத் தூக்கிப் பிடிக்கிற காக்-அப் ஸ்பிளின்ட் செய்து கொடுத்தேன். வெந்நீரில் போட்டால் இளகுகிற பிளாஸ்டிக் ஷீட் அது. சுமார் எழுபது டிகிரிச் சூட்டில் துணி மாதிரி ஆகிவிடும். எடுத்துத் துடைத்து, கையின் மேல் படியவைத்து, ஆறும்வரை பிடித்துக்கொண்டிருந்தால் அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். கல்லூரியில் நன்றாகத்தான் செய்திருந்தேன், இதுவும் பார்க்க அழகாக இருந்தது. மூன்றாம் நாள் அவர் வந்து கையைக் காட்டினார். சுண்டுவிரல் பக்கம் மணிக்கட்டுத் தோல் உரிந்து சிவந்திருந்தது. "கழட்டி வெச்சுட்டேம்மா, ராத்திரி தூங்க முடியல" என்றார், குறை சொல்கிற தொனியே இல்லாமல். எனக்குத்தான் காது சுட்டது. எங்கே தப்பு என்று தெரியவில்லை. கேட்க அந்த இடத்தில் ஆளும் இல்லை. வேறோர் ஆஸ்பத்திரியில் இருந்த சீனியர் அக்கா ஒருவரின் நம்பர் மட்டும் இருந்தது. அரைமணி நேரம் தயங்கிவிட்டுக் கூப்பிட்டேன்.

"சுண்டுவிரல் பக்கம் ஒரு எலும்பு துருத்திக்கிட்டு இருக்குமே, அதுக்கு எடம் விட்டியா?"

"விடலக்கா."

"அடுத்த தடவ ஷீட்டை வைக்கிறதுக்கு முன்னாடி அந்த எலும்பு மேல கொஞ்சம் புட்டியை உருட்டி வை. அதுக்கு மேல வார்த்து எடு. ஆறினப்புறம் புட்டியை எடுத்துடு, குழி தானா நிக்கும். போட்டு அரைமணி நேரம் கழிச்சுக் கழட்டிப் பாரு. சிவப்பு இருபது நிமிஷத்துல மறையலேன்னா ஸ்பிளின்ட்தான் தப்பு, கை தப்பில்ல."

இரண்டு நிமிஷப் பேச்சு. எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத விஷயமும் அல்ல. ஆனால் புத்தகத்தில் அந்த வரி எங்கே இருக்கிறது என்று தெரிவதற்கே, தப்பு நடந்து, அதைச் சொல்ல ஓர் ஆள் இருக்க வேண்டியிருந்தது. நெட்வொர்க்கிங் என்ற சொல்லைக் கேட்டதும் விசிட்டிங் கார்டும் கோட்டு சூட்டும் நினைவுக்கு வந்தால் அதை மறந்துவிடுங்கள். வெட்கப்படாமல் "எனக்கு இது தெரியல" என்று சொல்லக்கூடிய நாலைந்து பேர் இருப்பதைத்தான் இந்தக் கட்டுரை முழுக்க அப்படிச் சொல்லப் போகிறேன்.

நம் தொழில் இந்தியாவில் பிறந்ததே சங்கத்தோடு சேர்ந்துதான். இங்கே மணமுடித்து வந்த அமெரிக்கப் பெண்மணி கமலா நிம்ப்கர், பிலடெல்பியாவில் இந்தப் படிப்பைப் படித்துத் திரும்பினார். 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் நாட்டின் முதல் ஓ.டி. பள்ளியைத் தொடங்கினார். இரண்டே வருஷத்தில், 1952இல், அகில இந்திய ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கள் சங்கம் உருவானது. அதே ஆண்டு தொடங்கிய ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்களின் உலகக் கூட்டமைப்பின் பத்து நிறுவன உறுப்பு நாடுகளில் இந்தியாவும் ஒன்று. விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் இருந்த காலத்திலேயே அவர்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டது.

அந்தச் சங்கத்தில் உறுப்பினராவது முதல் வேலை. மாநிலக் கிளைகள் உண்டு. 'இந்தியன் ஜர்னல் ஆஃப் ஆக்குபேஷனல் தெரபி' என்ற அதன் இதழ் இணையத்தில் காசில்லாமல் படிக்கக் கிடைக்கிறது. உலகக் கூட்டமைப்பில் தனி உறுப்பினராவதற்கும் நாட்டுச் சங்கத்தின் வழியாகத்தான் போக வேண்டும். ஆண்டுதோறும் நடக்கும் தேசிய மாநாட்டின் பெயர் ஓடிகான். முதல் தடவை போகிறவர்கள் மேடைக்கு முன் வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டு, மதியச் சாப்பாட்டில் தங்கள் கல்லூரிக் கூட்டத்தோடே நின்றுவிட்டு ஊர் திரும்புவார்கள். நானும் அப்படித்தான் திரும்பினேன். மேடையில் பேசுகிறவரைச் சுற்றி இருபது பேர் நிற்பார்கள். போஸ்டர் ஒட்டியிருக்கிற கூடத்துக்குப் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு போஸ்டருக்குப் பக்கத்திலும் ஒருவர், யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று தனியாக நின்றுகொண்டிருப்பார். அவரிடம் ஒரு கேள்வி கேட்டால் அரைமணி நேரம் பேசுவார். பத்து வருஷம் கழித்தும் போனை எடுப்பார்.

மாநாடு வருஷத்துக்கு ஒருமுறை. பெங்களூர் தினமும் இருக்கிறது. இந்த ஊரைப் போல ஒரு புதிய ஓ.டி.க்குப் பள்ளிக்கூடமாக இருக்கக்கூடிய நகரங்கள் நாட்டில் அதிகமில்லை.

ஓசூர் ரோட்டிலேயே நிம்ஹான்ஸ் இருக்கிறது. பழைய மைசூர் அரசின் மனநல மருத்துவமனையும் 1954இல் வந்த அகில இந்திய மனநல நிறுவனமும் 1974இல் ஒன்றாகி உருவானது. அங்கே மனநோயிலிருந்து மீண்டு வருகிறவர்களுக்கான மறுவாழ்வுப் பிரிவில் பேக்கரி நடக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ரொட்டிக் கடை. ஓ.டி.யின் கண்ணுக்கு அது வேறு. மாவை அளப்பதில் கவனம் இருக்கிறது, அடுப்பு நேரத்தைப் பார்ப்பதில் நினைவு இருக்கிறது, கவுன்டரில் நிற்பதில் பேச்சுப் பழக்கம் இருக்கிறது, காலையில் நேரத்துக்கு வருவதில் பாதி சிகிச்சையே இருக்கிறது. குழந்தைகளோடு மட்டும் வேலை பார்க்கிறவர்கள் ஒருமுறையாவது இதை நேரில் பார்க்க வேண்டும். படிக்கும்போது மனநலப் போஸ்டிங்கை எப்படியோ ஒப்பேற்றியவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

லிங்கராஜபுரத்தில் ஏ.பி.டி. இருக்கிறது. என். எஸ். ஹேமா 1959இல் தொடங்கிய மாற்றுத்திறனாளிகள் அமைப்பு. தோட்டக்கலைப் பயிற்சி அதன் பெயர்பெற்ற வேலைகளில் ஒன்று. ஜே.பி. நகரில் மொபிலிட்டி இந்தியா இருக்கிறது. 1994இலிருந்து செயற்கைக் கை கால், சக்கர நாற்காலி, அவற்றைச் செய்வோருக்கான படிப்பு எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ். சக்கர நாற்காலி என்றால் மடக்குகிற ஸ்டீல் நாற்காலி ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, இடுப்பு அகலத்தை அளக்காமல் நாற்காலி கொடுப்பது செருப்பு அளவு கேட்காமல் செருப்பு கொடுப்பது போல என்று புரிந்தது இப்படிப்பட்ட பட்டறைகளைப் பார்த்த பிறகுதான். இந்திராநகரில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி, கோரமங்களாவில் செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனையின் மறுவாழ்வு மருத்துவத் துறை என்று இன்னும் இருக்கின்றன.

இங்கெல்லாம் எப்படி நுழைவது? வேலை கேட்டுப் போகாதீர்கள், பார்க்கக் கேட்டுப் போங்கள். துறைத் தலைவருக்கு நாலு வரிக் கடிதம் போதும். நான் இன்னார், இந்த இடத்தில் வேலை பார்க்கிறேன், இந்தப் பிரச்சினையுள்ள நோயாளிகள் எனக்கு வருகிறார்கள், உங்கள் பிரிவில் ஒரு நாள் ஓரமாக நின்று பார்க்க அனுமதிப்பீர்களா. எதைப் பார்க்க வேண்டும் என்று குறிப்பாக எழுதினால் பதில் வருகிறது. 'கற்றுக்கொள்ளும் ஆர்வத்துடன்' என்று பொதுவாக எழுதினால் பெரும்பாலும் வருவதில்லை. போய் வந்த மறுநாள், அங்கே பார்த்ததில் எதை உங்கள் நோயாளிக்குச் செய்து பார்த்தீர்கள் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. அதனால்தான் செய்தவரின் பெயர் அவர்களுக்கு மறப்பதில்லை.

ஓ.டி.க்களை மட்டும் தேடிக்கொண்டிருக்கவும் வேண்டாம். என் போனில் அதிகம் உதவிய நம்பர்கள் ஒரு தச்சருடையதும் ஒரு தையல்காரருடையதும். கழுத்து நிற்காத குழந்தைக்கு, அரைவட்டம் வெட்டிய மேசையோடு பிளைவுட் நாற்காலி வேண்டும் என்றால் படம் போட்டுக் காட்டினால் போதும், தச்சர் செய்துவிடுவார். அளவு சொல்ல மட்டும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சட்டைப் பொத்தானை மேலே அலங்காரத்துக்கு விட்டுவிட்டு அடியில் வெல்க்ரோ வைத்துத் தைக்கலாம் என்ற யோசனையே அந்தத் தையல்காரர் சொன்னது. பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர், ஆஷா பணியாளர், செயற்கைக் கால் செய்பவர் என்று நம் நோயாளியின் வாழ்க்கையைத் தொடுகிற எல்லாரும் இந்தக் கணக்கில் சேர்த்தி.

இனி பாஷை. பெங்களூரில் தமிழை வைத்தே பிழைத்துவிடலாம் என்பார்கள். சிவாஜி நகரிலும் அல்சூரிலும் பிழைக்கலாம்தான். ஆனால் சிகிச்சை அறையில் கன்னடம் தெரியாமல் பாதி வேலைதான் நடக்கும். கற்பதும் கஷ்டமில்லை. வலிக்கு அவர்கள் சொல்வது நம் பழைய 'நோவு'தான். "ஊட்டா ஆய்த்தா?" என்பது ஊரே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிற கேள்வி, சாப்பிட்டாயிற்றா என்று. நமக்கோ அது நலம் விசாரிப்பு மட்டுமல்ல. யார் ஊட்டினார்கள், எந்தக் கையால், எவ்வளவு நேரம், எவ்வளவு சிந்தியது என்று அந்த ஒரு கேள்வியிலிருந்து ஒரு முழு மதிப்பீட்டுக்கே போய்விடலாம்.

அந்தச் சாப்பாட்டைப் பற்றியே ஒரு விஷயம். வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தில் சாப்பிடுதல் என்றால் ஸ்பூனும் ஃபோர்க்கும். தடித்த கைப்பிடி போட்ட ஸ்பூன் படம் இருக்கும். நம் ஊரில் சாம்பார் சோற்றைப் பிசைய வேண்டும், விரல் நுனிகளால் கூட்டி எடுக்க வேண்டும், முன்கையைத் திருப்பி வாய்க்குக் கொண்டுபோய்க் கட்டைவிரலால் உள்ளே தள்ள வேண்டும். ஸ்பூன் பிடிப்பதைவிட நுணுக்கமான வேலை. கர்நாடகத்துக்கு வந்தால் ராகி முத்தே. களியை விரலால் கிள்ளி, சாற்றில் தோய்த்து, மெல்லாமல் விழுங்குவது பழக்கம். பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்குவதில் சிக்கல் இருக்கிறவருக்கு, பேச்சுப் பயிற்சியாளர் பார்த்துச் சொல்லாமல் இதைக் கொடுப்பது ஆபத்து. முத்தே எப்படிச் சாப்பிடப்படுகிறது என்று தெரியாத தமிழ் ஓ.டி. இந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார். எனக்கு இதைச் சொன்னது மண்டியாக்காரச் சக ஊழியர், காபி குடிக்கும்போது.

அந்தக் காபிக்கு வருகிறேன். தர்ஷினி என்கிற பெங்களூரின் சிறு ஓட்டல்களில் 'பை-டூ' என்று கேட்டால் ஒரு காபியை இரண்டு டம்ளரில் பிரித்துத் தருவார்கள். வேலையில் சேர்ந்த முதல் மாதமே செய்ய வேண்டியதாக நான் சொல்வது இதுதான்: நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை ஒரு தர்ஷினியிலோ கப்பன் பார்க்கிலோ உட்காருங்கள். ஒருவர் ஒரு கேஸைச் சொல்ல வேண்டும். வெற்றிக் கதை வேண்டாம், சிக்கிக்கொண்ட கேஸ். பத்து நிமிஷம் சொல்லலாம். மற்றவர்கள் முதலில் கேள்வி மட்டும் கேட்க வேண்டும், யோசனை சொல்லக் கூடாது. இந்த ஒரு விதியைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். நமக்குக் கேள்வியை முடிக்குமுன்னே அறிவுரை வந்துவிடும். பிறகு ஆளுக்கொரு யோசனை. அடுத்த மாதம் என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டுத்தான் புதுக் கேஸ். கூட்டத்தில் ஐந்து வருஷ அனுபவமுள்ள ஒருவராவது இருந்தால் நல்லது. எல்லாரும் ஒரே பேட்ச் என்றால் ஒரே தப்பை ஐந்து பேர் சேர்ந்து ஆமோதிப்பீர்கள்.

இதன் பெரிய வடிவம் ஏற்கெனவே இருக்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் டாக்டர் சஞ்சீவ் அரோரா 2003இல் எக்கோ என்ற முறையைத் தொடங்கினார். ஹெபடைடிஸ் சி நோயாளிகள் தொலைவிலிருந்து அவரைத் தேடி வர வேண்டியிருந்தது. அவர்களை வரவழைப்பதற்குப் பதில், அந்தந்த ஊர் டாக்டர்களைக் காணொளியில் கூட்டி, அவர்களுடைய கேஸையே அவர்களைச் சொல்லவைத்துக் கற்பித்தார். நிம்ஹான்ஸ் அதே முறையை போதை நோய்ச் சிகிச்சைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது. சில்க் போர்டு சிக்னலைத் தாண்டி ஞாயிற்றுக்கிழமைகூட வர முடியாது என்பவர்கள் காணொளியிலேயே நடத்தலாம். காபிதான் கிடைக்காது.

ஒரு எச்சரிக்கை. கேஸ் பேசுவது வேறு, குழந்தையின் வீடியோவை வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது வேறு. "இந்தப் பையனோட நடையைப் பாருங்க" என்று முகம் தெரிய வருகிற வீடியோக்களை நான் பார்த்திருக்கிறேன். பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் அது கூடவே கூடாது. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் தகவலுக்குப் பெற்றோர் சம்மதத்தை வலியுறுத்துகிறது. சட்டம் இருக்கட்டும். அந்தக் குழந்தை வளர்ந்து பெரியவனாகி அந்த வீடியோவைப் பார்த்தால் என்ன நினைப்பான்? பெயர், தெரு, பள்ளி எல்லாவற்றையும் நீக்கிவிட்டுப் பேசினாலே கேஸ் முழுதாகப் புரியும்.

அடுத்தது குறிப்பேடு. பிரிட்டனில் பதிவு பெற்ற ஓ.டி. ஒவ்வொருவரும் தான் தொடர்ந்து கற்றதற்குப் பதிவு வைத்திருக்க வேண்டும். இரண்டாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது, நூற்றுக்கு இரண்டரைப் பேரைக் குலுக்கல் முறையில் எடுத்து "காட்டு" என்பார்கள். அமெரிக்காவில் தேசியச் சான்றிதழைப் புதுப்பிக்க மூன்று ஆண்டில் 36 அலகு சேர்க்க வேண்டும். நம் நாட்டில் டாக்டர்களுக்கு 2002 நடத்தை விதிகள் ஐந்தாண்டில் 30 மணி நேரம் என்று சொல்லின. ஓ.டி.க்களிடம் வெளியிலிருந்து ஒருவர் இப்படிக் கணக்குக் கேட்கும் பழக்கம் இங்கே இன்னும் ஊன்றவில்லை. அதனால் நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதாகிறது.

எதை எழுதுவது? "சென்சரி வொர்க்ஷாப், 6 மணி நேரம்" என்று எழுதுவதில் பயனில்லை. ஒரு பதிவு இப்படி இருக்கலாம்: '58 வயதுப் பெண், வலது பக்கம் பக்கவாதம். தானே சேலை கட்ட வேண்டும் என்பது அவர் கேட்டது. செயல் 2, திருப்தி 1. நைட்டி போதும் என்றார் மகள். நானும் சரி என்றேன். இரண்டு வாரம் பயிற்சிக்கே வரவில்லை. தவறு என்னுடையது, கேட்டவரை விட்டுவிட்டு மகளுக்குத் தலையாட்டினேன். கொசுவத்தை நிலையாகத் தைத்து இடுப்பில் வெல்க்ரோ வைத்த சேலை. ஐந்து வாரம் கழித்து செயல் 6, திருப்தி 8. கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போனார்.' அந்த எண்கள் கனடாவில் உருவான சி.ஓ.பி.எம். என்ற அளவுகோலிலிருந்து வருபவை. நோயாளி தனக்கு முக்கியமான செயல்களைத் தானே சொல்லி, எவ்வளவு செய்ய முடிகிறது, எவ்வளவு திருப்தி என்று பத்துக்கு மதிப்பெண் போடுவார். இரண்டு புள்ளி மாறினால் பொருட்படுத்தத்தக்க மாற்றம் என்று கொள்வது வழக்கம். வாரம் இப்படி ஒரு பதிவு எழுதினால் வருஷத்தில் ஐம்பது. அடுத்த நேர்காணலில் "உங்க பலம் என்ன?" என்று கேட்டால் மனப்பாடம் செய்த பதில் தேவைப்படாது.

பணம் செலவாகிற விஷயத்துக்கு வருவோம். சனி ஞாயிறு இரண்டு நாள் வகுப்பு, கடைசியில் வண்ணச் சான்றிதழ், குரூப் போட்டோ. பெங்களூரில் இதற்குப் பஞ்சமே இல்லை. முதல் வருஷச் சம்பளத்தில் பாதியை இதில் கொட்டியவர்களை எனக்குத் தெரியும். சென்டர் முதலாளிகளுக்கும் சுவரில் மாட்ட அது பிடிக்கும். முழுதாக, நேரில் கையைப் பிடித்துச் சொல்லித்தருகிற நீண்ட பயிற்சிகளை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எந்தப் பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன்பும், அதற்கு என்ன ஆதாரம் என்று படித்துவிட்டுக் கட்டுங்கள். 2013இல் ஆஸ்திரேலியாவின் அயோனா நோவக்கும் சகாக்களும் பெருமூளை வாதமுள்ள குழந்தைகளுக்கான சிகிச்சைகளைத் தொகுத்துப் பார்த்து, டிராஃபிக் விளக்குப் போலப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்தார்கள். நல்ல கையைக் கட்டுப்படுத்திப் பாதிக்கப்பட்ட கையை வேலை வாங்குவது, இரு கையையும் சேர்த்துப் பழக்குவது, இலக்கை வைத்துப் பயிற்சி கொடுப்பது, வீட்டில் பெற்றோர் செய்யும் திட்டம் ஆகியவை பச்சையில் வந்தன. நம் ஊரில் அதிகம் விற்கிற என்.டி.டி.யும் (நியூரோ டெவலப்மென்டல் ட்ரீட்மென்ட்) சென்சரி இன்டக்ரேஷனும் அந்தப் பட்டியலில் சிவப்பில் இருந்தன. இதில் வாதப் பிரதிவாதம் இன்னும் ஓயவில்லை. ஆட்டிசக் குழந்தைகளுக்கு சென்சரி இன்டக்ரேஷன் பற்றிய ஆய்வு முடிவுகள் வேறு கதை, அங்கே சாதகமானவையும் உண்டு. பணம் கட்டுகிறவர் இரண்டு பக்கத்தையும் படித்திருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. பச்சையில் இருக்கிற பலவற்றைக் கற்க வகுப்புக் கட்டணத்தைவிட, பொறுமையான ஒரு சீனியர்தான் வேண்டும்.

கடைசியாகக் காகிதம். சுவாரசியமில்லாத பகுதி, ஆனாலும் தள்ளிப்போடாதீர்கள். "உங்களுக்கு ஆர்.சி.ஐ. நம்பர் இருக்கா?" என்று பெற்றோர் கேட்பார்கள், விழிக்க வேண்டாம். 1992 மறுவாழ்வு கவுன்சில் (ஆர்.சி.ஐ.) சட்டத்தின் பட்டியலில் பேச்சுப் பயிற்சியாளரும் சிறப்பாசிரியரும் உண்டு, ஓ.டி. இல்லை. டெல்லி, மகாராஷ்டிரம் போன்ற சில மாநிலங்கள் மட்டும் தனிக் கவுன்சில் வைத்திருந்தன. 2021இல் வந்த, அலைடு மற்றும் ஹெல்த்கேர் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம்தான் நம்மையும் பெயர் சொல்லிச் சேர்த்து, நாடு முழுவதற்கும் பதிவேடு, மாநிலக் கவுன்சில்கள், நடத்தை விதி என்று வழிசெய்தது. குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பு இருந்தால்தான் ஹெல்த்கேர் புரொபஷனல் என்கிறது அது. கர்நாடகத்தில் வேலை பார்த்தால் கர்நாடகக் கவுன்சிலின் பதிவு நிலவரத்தை அவ்வப்போது கேட்டு வையுங்கள். மதிப்பெண் பட்டியல், டிரான்ஸ்கிரிப்ட், இன்டர்ன்ஷிப் சான்று, எந்தப் பிரிவில் எத்தனை மணி நேரம் என்ற கிளினிக்கல் கணக்கு, இந்த நாலையும் கல்லூரியில் உங்களைத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கையெழுத்தோடு வாங்கி வையுங்கள். உலகக் கூட்டமைப்பின் கல்வித் தரம் 1,000 மணி நேர நேரடிப் பயிற்சி கேட்கிறது. வெளிநாடு போக நினைக்கிறபோது அந்தக் கணக்கைத்தான் முதலில் கேட்பார்கள். பத்து வருஷம் கழித்துத் தேடிக்கொண்டு போனால், கையெழுத்துப் போட வேண்டியவர் ஓய்வு பெற்றிருப்பார்.

அந்த ஆட்டோ ஓட்டுநருக்குப் புதிய ஸ்பிளின்ட் செய்தேன், புட்டி வைத்து. நாலு மாதத்தில் மணிக்கட்டு நிமிரத் தொடங்கியது. நரம்பு தானாகத் தேறியது, என் கைவண்ணம் அல்ல. தோல் உரியாமல் பார்த்துக்கொண்டது மட்டும் நான்.

இந்த ஊரில் உங்களுக்கு யாரையும் தெரியாது என்றால், உங்கள் கல்லூரி சீனியர்களில் பெங்களூரில் இருப்பவர் யார் என்று இன்றைக்கே விசாரியுங்கள். வருகிற ஞாயிறு காலை எட்டு மணிக்கு எங்கே சந்திக்கலாம் என்று அவரைக் கேளுங்கள். போகும்போது சிக்கிக்கொண்ட ஒரு கேஸை எடுத்துக்கொண்டு போங்கள், பெயரை அடித்துவிட்டு. காபிக்கு நீங்கள் காசு கொடுங்கள்.